ஏழாவதாக நடந்த ஜீவன்

பரீட்சித்துக்கு முடிசூட்டிவிட்டு, மரவுரி தரித்து, அஸ்தினாபுரத்தை விட்டுப் பாண்டவர்கள் புறப்பட்டபோது அவர்கள் ஆறு பேர். தருமர், பீமன், அர்ஜுனன், நகுலன், சகதேவன், திரௌபதி. நகரத்து மக்கள் சிறிது தொலைவு வரை வழியனுப்ப வந்து, கண்ணீருடன் திரும்பிவிட்டார்கள். திரும்பாமல் பின்னே வந்தது ஒரு நாய். அதை ஏழாவது என்றே வியாசர் எண்ணிச் சொல்கிறார். கிழக்கே கடல், பிறகு தெற்கு, பிறகு மேற்கே கடல்கொண்ட துவாரகை, அதன்பின் வடக்கே இமயம் என்று பாரத பூமியையே வலமாகச் சுற்றிய யாத்திரை அது. மகாபாரதத்தின் 17-ஆவது பர்வமான மகாபிரஸ்தானிக பர்வம் இதைக் கூறுகிறது.

இந்திரன் தேருடன் வந்து நிற்க, நாயை விட்டுவிட்டு ஏறமாட்டேன் என்று தருமர் மறுத்த கட்டத்தை அறியாதவர் இல்லை. அந்தக் கட்டத்துக்கு முந்தைய நெடுநடையைப் பற்றிக் காலட்சேபங்களில் அதிகம் பேசுவதில்லை. சற்று நின்று யோசித்தால், முதுமையடைந்த ஆறு பேர், ஒரே குடும்பத்தினர், ஒரு நாயையும் உடன் சேர்த்துக்கொண்டு தேசத்தை வலம் வந்திருக்கிறார்கள் என்பது விளங்கும். யாரும் யாரையும் வீட்டில் காவலுக்கு விட்டுச் செல்லவில்லை.

இன்று சனிக்கிழமை இரவுகளில் பல இல்லங்களில் நடக்கும் பேச்சு வேறு விதமானது. "நாளைக்குக் காலையில எல்லாருமா கோயிலுக்குப் போயிட்டு, அப்படியே கொஞ்சம் வெளியே சுத்திட்டு வரலாமா?" என்று மகன் கேட்பார். பேரக்குழந்தைகள் துள்ளுவார்கள். அடுத்த கேள்வி மருமகளிடமிருந்து வரும்: "அப்போ நாயை யாரு பார்த்துக்கறது?" பதிலை எவரும் சொல்வதில்லை, எல்லோர் கண்களும் கூடத்து ஓரத்து நாற்காலிப் பக்கம் திரும்பும். "நீங்க போயிட்டு வாங்கடா. எனக்கும் முட்டி வலி. நான் இதைப் பார்த்துண்டு இருக்கேன்" என்று பாட்டி சொல்லிவிடுவார். முட்டி வலி உண்மைதான். ஆனால் வாரம் முழுவதும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்ததும் உண்மை. கோயிலுக்குப் போகவே அதிகம் ஏங்குகிறவர் வீட்டில் தங்க, தரிசனத்தில் அவ்வளவு நாட்டமில்லாதவர்கள் புறப்பட்டுப் போவது எத்தனையோ குடும்பங்களில் வாராவாரம் நடக்கிறது. இதில் நாயின் குற்றம் ஒன்றுமில்லை. அதற்கும் வெளியே போக ஆசைதான். கார் சாவியின் ஓசை கேட்டதும் வாசலில் போய் நிற்கிற ஜீவன் அது.

பெரியவர்களின் தயக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. நீராடி, மடியாக உடுத்திக் கோயிலுக்குப் புறப்படும் வேளையில் நாய் மேலே உரசினால் என்ன செய்வது? அதனுடன் ஒரே வண்டியில் அமர்ந்து சென்று சந்நிதியில் நிற்கலாமா? இதைப் பழைய காலத்து எண்ணம் என்று இளையவர்கள் சிரித்து ஒதுக்கிவிடுவது சரியன்று. ஆசாரத்தில் வளர்ந்தவருக்கு அது மனத்தின் சஞ்சலம். சஞ்சலத்துடன் செய்யும் தரிசனம் நிறைவாக இருப்பதில்லை. பெரியவர் முன் இருக்கையில் அமர, நாய் பின்னால் பேரனின் காலடியில் ஒரு பழைய போர்வையின் மேல் படுத்து வந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. கோயில் வாசலில் கைகால் அலம்பிக்கொள்ள ஒரு செம்பு நீர் உடன் இருந்தால் மீதியும் தீரும்.

கோயிலுக்குள் நாயை அழைத்துச் செல்லலாமா என்ற கேள்விக்குத் தமிழகத்து ஆலயங்களைப் பொறுத்தவரை விடை ஒன்றுதான்: கூடாது. ஆகம முறைப்படி நித்திய பூஜை நடக்கும் இடத்தில் தூய்மைக்கென்று வகுத்த எல்லைகள் உள்ளன. அவற்றை வாதம் செய்து மாற்றும் உரிமை, நாய் வளர்ப்பவர் என்பதால் எவருக்கும் வந்துவிடாது. 2022-ஆம் ஆண்டு கேதார்நாத்துக்கு ஒருவர் தமது நாயைத் தூக்கிச் சென்று, நந்தியின் மீது அதன் முன்னங்கால்களை வைக்கச் செய்து, அதைப் படமெடுத்து வெளியிட்டார். கோயில் குழு காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும் வரை விவகாரம் போயிற்று. அன்பினால் செய்தது என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. அன்பு இருந்திருக்கலாம், படமெடுக்கும் கருவியும் இருந்ததுதான் பலரை உறுத்தியது.

எல்லை வகுப்பது வேறு, விரட்டி அடிப்பது வேறு. இந்த வேறுபாட்டையும் மகாபாரதமே, அதுவும் ஆதி பர்வத்திலேயே சொல்லிவிடுகிறது. ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்தில் வேள்வி நடத்துகிறான். அங்கு வந்த ஒரு நாய்க்குட்டியை அவனுடைய தம்பியர் மூவர் அடித்து விரட்டுகிறார்கள். அழுதுகொண்டு ஓடிய குட்டி, தேவலோகத்து நாயான தன் தாய் சரமையிடம் முறையிடுகிறது. சரமை நேரே வேள்விச் சாலைக்கே வந்து கேட்கிறாள். தன் பிள்ளை உள்ளே நுழையலாம் என்று அவள் வாதாடவில்லை. அவிர்ப்பாகத்தை அவன் பார்க்கவும் இல்லை, நக்கவும் இல்லை. பின் எதற்காக அடித்தீர்கள் என்பதே அவளுடைய வழக்கு. அரச குலத்தாரிடம் பதில் இல்லை. எதிர்பாராத அச்சம் உன்னை வந்து பற்றும் என்று ஜனமேஜயனுக்குச் சாபம் கிடைக்கிறது. வேள்விச் சாலை வாசலில் காரணமின்றி அடிபட்ட நாய் இதிகாசத்தின் தொடக்கத்தில் நிற்கிறது. சொர்க்கத்தின் வாசலில் தருமரால் கைவிடப்படாத நாய் அதன் முடிவில் நிற்கிறது. இரண்டுமே வாசலில்தான் நிற்கின்றன என்பது கவனிக்கத்தக்கது.

ஆகவே வாசல் வரை நாயும், உள்ளே குடும்பமும் என்று வைத்துக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை அமைப்பது கடினமன்று. முறை மாற்றி தரிசனம் செய்வதே வழி. முதலில் பெரியவர்களும் மருமகளும் உள்ளே சென்று வரட்டும். மகனும் பேரனும் நாயுடன் வெளியே இருக்கட்டும். பிறகு இவர்கள் வெளியே, அவர்கள் உள்ளே. முதல் முறை எப்போதும் முதியவர்களுக்கே என்பதை வீட்டு விதியாக வைத்துக்கொள்வது நலம். கடைசி முறை என்று ஒதுக்கினால், நடை சாத்தும் நேரம் வந்து, "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்மா" என்று ஆகிவிடும்.

சென்னைவாசிகளுக்கு இதற்கு ஏற்ற இடம் பெசன்ட் நகர். கடற்கரையை ஒட்டியே 1976-இல் கும்பாபிஷேகம் கண்ட அஷ்டலட்சுமி கோயில் இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் போனால் மணல் குளிர்ந்திருக்கும், கூட்டமும் இராது. ஒரு பகுதியினர் தாயார் சந்நிதிகளுக்குப் படியேறும்போது, மற்றவர்கள் கடற்கரையில் நாயுடன் நடக்கலாம். மாடிச் சந்நிதிகளுக்கு ஏற முடியாத பெரியவர்கள் கீழே சேவித்துவிட்டு வந்து, கடற்காற்றில் அமரலாம். எட்டரை மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். அதற்குப் பின் மணல் சுடத் தொடங்கும். தின்பண்டக் கடைகளும் ஒவ்வொன்றாகத் திறக்கும். வீட்டுக்குச் சிற்றுண்டி நேரத்தில் திரும்பிவிடும் பயணமே பெரியவர்களுக்கும் நாய்க்கும் ஏற்றது.

கடலைவிட மேலான இன்னொரு இடம், பெரிய கோயில்களின் மாடவீதிகள். மயிலைக் கபாலீசுவரர் கோயிலானாலும், திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலானாலும் நான்கு வீதிகளையும் வலமாக வருவதும் பிரதட்சிணம்தான். சுவாமியே உற்சவ காலத்தில் எழுந்தருளும் வீதி. அங்கே நாய் நடப்பதற்கு எந்த ஆகமமும் தடை சொல்வதில்லை. தெரு நாய்கள் நாள்தோறும் அந்த வலத்தைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. மார்கழியில் பாபநாசம் சிவன் பஜனைக் கோஷ்டியுடன் பாடி வந்தவை இதே மயிலை மாடவீதிகள். அந்த மாதத்து விடியலில், கோலங்களுக்கு நடுவே, குடும்பத்துடன் நடப்பதைப் போன்ற சுகம் வேறில்லை. ஆனால் பஜனைக் கோஷ்டி எதிரே வரும்போது நாயுடன் ஒதுங்கி நிற்பது நல்லது. ஜால்ரா ஓசைக்குச் சில நாய்கள் தாமும் குரல் கொடுக்கத் தொடங்கிவிடும்!

இத்தகைய நடையில் நாயின் வாரை முதியவர் கையில் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும், மணிக்கட்டில் சுற்றிப் பிடிக்கக் கூடாது. எதிரே பூனையோ தெரு நாயோ வந்தால் நாய் ஒரு கணத்தில் இழுக்கும். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளே இல்லை. வீட்டில் வலுவானவர் யாரோ அவரே வாரைப் பிடிக்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறாமல் போட்டிருக்க வேண்டும். சென்னை போன்ற மாநகராட்சிகளில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறுவதும் கட்டாயம். வீதியில் அது அசுத்தம் செய்தால் எடுத்து அப்புறப்படுத்தக் காகிதமும் பையும் கையில் இருக்க வேண்டும். சுவாமி வரும் வீதி என்று சொல்லிக்கொண்டு அதை மறந்துவிடலாகாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். "அஞ்சே நிமிஷம், தரிசனம் பண்ணிட்டு வந்துடலாம்" என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நாயைக் காருக்குள் பூட்டிச் செல்வது பெரும் பாவம். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே பத்தே நிமிடத்தில் வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயர்ந்துவிடக்கூடும். மனிதரைப் போல் நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். குறுகிய மூக்குடைய பக் போன்ற இனங்களும், அடர்ந்த உரோமம் கொண்ட மேல்நாட்டு இனங்களும் இதில் மிக விரைவாக மயங்கிவிடும். நம் மண்ணின் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை வெயிலை ஓரளவு தாங்கும். அவற்றுக்கும் பூட்டிய கார் எமன்தான்.

பிரசாத விஷயத்தில் அன்பு மிகுந்தவர்களே தவறு செய்கிறார்கள். சுவாமி பிரசாதம் எந்த ஜீவனையும் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையில் சர்க்கரைப் பொங்கலை நாய்க்கு ஊட்டுகிறார்கள். அதிலுள்ள உலர்ந்த திராட்சை நாய்க்கு நஞ்சு. சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடியது. தயிர்சாதம் நல்லதுதானே என்றால், இக்காலத்துத் தயிர்சாதத்தில் பச்சைத் திராட்சையும் போட்டுவிடுகிறார்கள்; அதுவும் ஆகாது. வெங்காயம், சாக்லேட் ஆகியவையும் அவ்வாறே. திராட்சை சேராத வெறும் தயிர்சாதம் ஒரு கவளம் போதுமானது. சோறு வடித்தவுடன் காகத்துக்கும் நாய்க்கும் ஒரு பிடி வைத்துவிட்டு உண்பது நம் பெரியோர் வழக்கம். வைசுவதேவத்திலும் அதற்கென்று ஒரு பலி உண்டு. அந்தப் பிடி சோற்றில் நெய்யும் திராட்சையும் இருந்ததில்லை.

தேய்பிறை அஷ்டமி சனி, ஞாயிறுகளில் அமையும் வாரங்களில், சிவாலயத்துக்கே போகலாம். வடகிழக்கு மூலையில் நாய் வாகனத்துடன் நிற்கும் பைரவர் ஆலயத்தின் காவலர். பூஜை முடிந்து நடை சாத்தியபின் கோயிலின் சாவி அவர் பொறுப்பில் இருப்பதாக ஐதீகம். செட்டிநாட்டார் நகரக் கோயில்கள் ஒன்பதில் ஒன்றான வைரவன்பட்டி, அவர் பெயராலேயே விளங்கும் தலம். உள்ளே நாய் வாகனத்துக்கு மாலை சாத்தித் தொழுதுவிட்டு, வெளியே வந்தவுடன் குறுக்கே வரும் நாயைக் கல்லால் அடிப்பவர்களும் உண்டு. சரமையின் கேள்விக்கு அவர்கள் என்ன விடை சொல்வார்களோ!

எல்லாக் கோயில்களிலும் நாய் வாசலிலேயே நின்றுவிடுவதில்லை. கேரளத்தில் கண்ணூர் அருகே வளபட்டணம் ஆற்றங்கரையில் உள்ள பறசினிக்கடவு முத்தப்பன் கோயிலில் நாய்கள் உள்ளேயே தாராளமாக நடமாடுகின்றன. வாயிலிலும் நாயின் உருவங்களே காவல். வேட்டைக்குச் சென்ற முத்தப்பனுடன் எப்போதும் நாய் இருந்தது என்பது அங்குள்ள ஐதீகம். நம் ஊர்களிலும் ஊரெல்லையில் அய்யனாரும் கருப்பசாமியும் வீற்றிருக்கும் திறந்தவெளிக் கோயில்களில், மண்குதிரைகளுக்கு அருகே நாய் உருவங்களைக் காணலாம். வேட்டைத் தெய்வத்துக்கு நாய் துணையாக இருப்பது இயல்பு. குலதெய்வ வழிபாட்டுக்குக் குடும்பம் முழுவதும் செல்லும்போது, மரத்தடியில் பொங்கல் கொதிக்கும் அந்த இடங்களில் வீட்டு நாயும் ஒரு நிழலில் படுத்திருப்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஊர் வழக்கத்தைப் பூசாரியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் போதும்.

நடையும் வழிபாடும் நாயும் ஒன்றாகக் கலந்த இடம் என்றால் திருவண்ணாமலையைத்தான் சொல்ல வேண்டும். ஸ்ரீ ரமண மகரிஷிகள் மலைமீது ஸ்கந்தாச்ரமத்தில் வாசம் செய்த காலத்தில் கமலா என்றொரு நாய் குட்டியாக வந்து சேர்ந்தது. ஆண்டுதோறும் குட்டி போட்டுப் பெருக்கிவிடுமே என்று அங்கிருந்தவர்கள் விரட்டிப் பார்த்தார்கள். அது போவதாக இல்லை. பின்னர் அது முதன்முறை குட்டி ஈன்றபோது, அதற்கு நீராட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமமிட்டு, தூய்மையான ஓரிடத்தில் பத்து நாட்கள் குட்டிகளுடன் வைத்திருந்தார்கள். பத்தாம் நாள் புண்ணியாகவாசனமும் விருந்தும் நடந்தன. பெண்ணுக்குப் பிரசவம் பார்த்த தாய்வீடு போல!

கமலாவுக்கு ஒரு பணியும் இருந்தது. புதிதாக யாரேனும் வந்தால், அவரை அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டும்படி பகவான் அதனிடம் சொல்வார். அது வந்தவரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டு, மலையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மூர்த்தத்துக்கும், தீர்த்தத்துக்கும், சந்நிதிக்கும் இட்டுச் சென்று காட்டித் திரும்பும். தலயாத்திரைக்கு நாயைக் கூட்டிப் போகலாமா என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நாய் மனிதரைக் கூட்டிப் போயிருக்கிறது.

நாயின் மனம் எவ்வளவு நுட்பமானது என்பதற்குச் சின்னக் கருப்பன் கதையும் அங்கேயே உண்டு. விரூபாட்ச குகைக் காலத்தில் தொலைவில் ஒதுங்கியே இருந்து, பிறகு தானாக வந்து பழகிய கரிய நாய் அது. ஒருநாள் உடனிருந்த அடியார் ஒருவர் ஏதோ எரிச்சலில் கடிந்து பேசிவிட்டார். கருப்பன் அங்கிருந்து விலகிப் போய்விட்டது; பிறகுதான் திரும்ப அழைத்து வந்தார்கள். அவ்வாறே கடிந்துகொள்ளப்பட்ட வேறொரு சிறு நாயின் உடல் ஒரு குளத்தில் மிதந்தது. தம்மைச் சேர்ந்த பிராணிகளிடம் கடுமை காட்டலாகாது என்று பகவான் பிறகு பலமுறை இதைச் சொல்லியிருக்கிறார். எந்த ஆத்மா எந்த வினையைக் கழிக்க இந்த உடலில் நம்மிடம் வந்திருக்கிறதோ, யார் கண்டது என்பது அவர் கருத்து.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமியன்று லட்சக்கணக்கானோர் வரும் கூட்டத்தில் நாயுடன் செல்வதை நினைத்தும் பார்க்கலாகாது. சாதாரண ஞாயிற்றுக்கிழமையில், அதுவும் மார்கழி, தை மாதங்களில், விடியற்காலை நான்கரை மணிக்குத் தொடங்கினால் குடும்பத்துடன் நிதானமாக நடக்கலாம். சூரியன் ஏறியபின் தார்ச்சாலையில் புறங்கையை ஏழெட்டு விநாடி வைத்துப் பார்க்க வேண்டும். கை பொறுக்காவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. செருப்பின்றி நடக்கும் பக்தர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அஷ்ட லிங்கங்கள் ஒவ்வொன்றிலும் நின்று தொழும்போது ஒருவர் வெளியே நாயுடன் இருந்து, அதற்கு நீர் காட்டலாம். வழியில் குரங்குகளும் தெரு நாய்களும் உண்டு. உணவுப் பொட்டலத்தைத் திறந்து கையில் வைத்திருக்கக் கூடாது.

முழு வலமும் முதியவர்களால் இயலாது. பத்து வயதைக் கடந்த நாயாலும் இயலாது. அந்த வயதில் அதுவும் வீட்டில் ஒரு தாத்தாதான். மூட்டு பிடித்துக்கொள்ளும், மூச்சு வாங்கும், பத்தடிக்கு ஒருமுறை நின்று சுற்றும் பார்க்கும். இளையவர்கள் வலத்தைத் தொடரட்டும். பாட்டியும் தாத்தாவும் கிழநாயும் செங்கம் சாலை வரை நடந்தால் போதும். ஒருவர் மரநிழலில் நாயுடன் அமர, மற்றவர் ரமணாச்ரமத்துக்குள் சென்று வரலாம். அன்னையின் சமாதி மீதமைந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்தையும் பகவானின் சமாதியையும் தொழுதுவிட்டு வரும்போது, பசு லட்சுமியின் சமாதி கண்ணில் படும். அதன் அருகிலேயே வள்ளி என்ற மானுக்கும், ஒரு காகத்துக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் சிறிய சமாதிகள் உள்ளன. வீட்டு நாயை இழந்த துயரத்தை வெளியில் சொல்லக் கூசி மனத்துக்குள்ளேயே வைத்திருக்கும் பெரியவர்கள், ஜாக்கியின் சமாதி முன் சற்று நேரம் நிற்கலாம்.